ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள்: பதிவேடுகள் முரண்படுவது ஏன்?

ஒரு பிரதேச செயலகத்தில் மீள்குடியேறிய குடும்பங்களின் தொகை எத்தனை என்று கேட்டால் ஓர் எண் கிடைக்கின்றது. அதே கேள்வியை மாவட்டச் செயலகத்தில் கேட்டால் இன்னோர் எண் கிடைக்கின்றது. கணினியில் காலையில் எடுத்த பட்டியலில் இருந்த பெயர் மாலையில் எடுத்த பட்டியலில் இல்லாமற் போகின்றது. இத்தகைய வேளைகளில் எமது மக்கள் உடனடியாக வந்தடையும் முடிவு, எவரோ பொய் சொல்கின்றார் என்பதாகும். அதிகாரிகளோ கணினி சொல்வதே சரி என்று கூறிக் கதவைச் சாத்திக்கொள்கின்றனர். இவ்விரண்டு நிலைப்பாடுகளுமே ஆராயாமல் எடுக்கப்படுபவை என்பதே எமது கருத்தாகும்.

கணினிக்கு விருப்பு வெறுப்பு இல்லை. தரவுத்தளம் எனப்படுவது கட்டங்களிலும் வரிசைகளிலும் ஒழுங்குபடுத்தப்பட்ட பதிவேடே அன்றி வேறில்லை. 1970 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளரான எட்கர் கொட் முன்வைத்த அட்டவணை முறையே இன்றுவரை உலகின் பெரும்பாலான அரச பதிவேடுகளுக்கு அடிப்படையாக உள்ளது. அப்பதிவேட்டிடம் நாம் தொடுக்கும் கேள்வியே வினவல் எனப்படுகின்றது. கேட்டதற்கு மட்டுமே அது விடை தரும். கேட்க நினைத்ததற்குத் தராது. ஆகவே இரண்டு விடைகள் முரண்படும்போது முதலில் ஆராயப்பட வேண்டியவை இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒன்றுதானா என்பதும், இரண்டும் ஒரே பதிவேட்டிடம் கேட்கப்பட்டனவா என்பதுமே. குடாநாட்டின் கடந்த நாற்பது ஆண்டுகால எண்களைக் கொண்டே இதனை விளக்க முற்படுகின்றோம்.

முதலாவது சோதனை எல்லை பற்றியது. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை என்ன? 8 இலட்சத்து 30 ஆயிரத்து 552 என்று ஒரு நூல் கூறும். ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம் என்று மற்றொரு அட்டவணை கூறும். இரண்டுமே ஒரே கணக்கெடுப்பில் இருந்து பெறப்பட்டவை. 1984 இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டமையே வேறுபாட்டுக்குக் காரணம். முதலாவது எண் அன்றிருந்த எல்லைக்கு உரியது. இரண்டாவது இன்றுள்ள எல்லையைப் பழைய எண்ணின்மீது பொருத்திப் பெறப்பட்டது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு யாழ். மாவட்டத்துக்கு ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம் பேரைக் காட்டியது. இதனை முதலாவது எண்ணுடன் ஒப்பிடுபவர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் குறைந்துவிட்டனர் என்பார். இரண்டாவதுடன் ஒப்பிடுபவர் ஒன்றரை இலட்சம் என்பார். இழப்பு உண்மையானது, எனினும் அதன் அளவு எல்லையைப் பொறுத்து மாறிவிடுகின்றது. போதாக்குறைக்கு 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மாவட்டங்களில் நடைபெறவேயில்லை. 1981 க்கும் 2012 க்கும் இடையில் எமக்குக் கிடைப்பவை குடிசன மதிப்பின் தொகைகள் அல்ல.

தேர்தல் மாவட்டம் என்று வரும்போது எல்லை மீண்டும் மாறுகின்றது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்பது யாழ்ப்பாண, கிளிநொச்சி நிருவாக மாவட்டங்கள் இரண்டையும் உள்ளடக்கியது. 'யாழ்ப்பாணம்' என்ற ஒரே சொல் ஒரு பதிவேட்டில் ஒரு நிலப்பரப்பையும் மற்றொன்றில் வேறொரு நிலப்பரப்பையும் குறிக்கின்றது. இதனைக் கவனியாது இரு பதிவேடுகளின் எண்களை அருகருகே வைத்து வாதிடுவோர் எம்மிடையே இன்றும் குறைவில்லை.

இரண்டாவது சோதனை, எவரை, எந்நாளில் எண்ணினோம் என்பது. ஓர் ஊரில் கணக்கெடுப்பு நாளன்று தங்கியிருந்தோரை எண்ணினால் ஒரு தொகை வரும். வழமையாக வசிப்போரை எண்ணினால் வேறொரு தொகை வரும். வேலைக்காகக் கொழும்பில் இருப்பவர், பல்கலைக்கழகத்துக்காக வந்து தங்கியிருப்பவர், உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுந்தவர் ஆகியோர் முதலாவதில் ஓரிடத்திலும் இரண்டாவதில் வேறிடத்திலும் அடங்குவர்.

இதன் விளைவு எத்தகையது என்பதை வாக்காளர் இடாப்பு எமக்கு நன்கு உணர்த்தியுள்ளது. 2010 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலின்போது யாழ். தேர்தல் மாவட்டத்தில் பதிவு செய்யப்பட்டிருந்த வாக்காளர்கள் 7 இலட்சத்து 21 ஆயிரத்து 359 பேர். வாக்களித்தோர் 1 இலட்சத்து 68 ஆயிரத்து 277 பேர் மட்டுமே. இதனை 23 விழுக்காடு என்று கணித்து, மக்கள் தேர்தலில் அக்கறை இழந்துவிட்டனர் என்று பலரும் எழுதினர். ஆனால் அதே ஆண்டுக்கான இடாப்புத் திருத்தம் முடிந்தபோது வாக்காளர் தொகை ஏறத்தாழ 4 இலட்சத்து 85 ஆயிரமாகக் குறைந்தது. இறந்தோர், புலம்பெயர்ந்தோர், இடம்பெயர்ந்தோர் எனப் பலரது பெயர்கள் போர்க்காலம் முழுவதும் நீக்கப்படாது இருந்தமையே இதற்கு முதன்மையான காரணம். வாக்களித்த அதே தொகையைப் புதிய இடாப்பினால் வகுத்தால் விகிதம் ஏறத்தாழ 35 ஆகின்றது. வாக்களித்தவர் தொகையில் ஒருவர்தானும் கூடவில்லை. கீழே உள்ள எண் மட்டுமே மாறியது. அப்போதும் அது உயர்ந்த விகிதம் அல்ல என்பது உண்மையே. எனினும் 23 க்கும் 35 க்கும் இடையிலான தூரத்தை மக்களின் மனநிலை என்று விளக்கியோர் பதிவேட்டின் நிலையையே விளக்கிக்கொண்டிருந்தனர்.

இது வெறும் புள்ளிவிபர விவகாரம் அன்று. அரசியலமைப்பின்படி பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 160 ஆசனங்கள் பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகையின் அடிப்படையிலேயே தேர்தல் மாவட்டங்களுக்குப் பகிரப்படுகின்றன. 2010 இல் யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு 9 ஆசனங்கள் இருந்தன. 2015 இல் அவை 7 ஆகின. 2024 இல் 6 ஆகின. ஓர் இடாப்பில் இருக்கக்கூடாத பெயர் இருப்பது பிழை. இருக்க வேண்டிய பெயர் இல்லாமற் போவதும் பிழையே. முதலாவது பிழையைத் திருத்தப் புகும்போது இரண்டாவது பிழை நேர்ந்துவிடும் அபாயம் எப்போதும் உண்டு. இடம்பெயர்ந்தோர் தமது முன்னைய வசிப்பிட மாவட்டத்தில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள வழிவகுத்த 2013 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் தேவைப்பட்டமை இந்த அபாயத்துக்குச் சான்றாகும்.

மூன்றாவது சோதனை, ஒருவர் ஒருவராகவே பதிவாகியுள்ளாரா என்பது. கணினி முகம் பார்ப்பதில்லை, எழுத்தையே பார்க்கின்றது. முஹம்மது, முகமது, முஹம்மத், மொஹமட் என்பன எமக்கு ஒரே பெயர். கணினிக்கோ நான்கு வெவ்வேறு ஆட்கள். எமது மண்ணில் ஒருவரது பெயர் பிறப்புச் சான்றிதழில் தமிழிலும், இடம்பெயர்ந்து தங்கிய ஊரில் சிங்களத்திலும், கடவுச்சீட்டில் ஆங்கிலத்திலும் பதியப்பட்டிருக்கும். அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு எழுதுவினைஞரின் காதில் விழுந்தவாறு எழுதப்பட்டவை. பெண்களின் பெயருக்கு முன்னுள்ள முதலெழுத்து திருமணத்துக்குப் பின் மாறிவிடுவதும் வழமை.

தமிழ் எழுத்திலேயே கண்ணுக்குப் புலப்படாத சிக்கல்களும் உண்டு. யூனிகோட் முறையில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இவ்விரண்டையும் சமன்படுத்தாத மென்பொருளுக்கு அவை வேறு வேறு. 'கௌரி' என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டச்சு செய்திருந்தால் சமன்படுத்தியும் பயனில்லை. 'ஸ்ரீ' என்ற எழுத்தும் இருவேறு குறியீட்டு வரிசைகளில் பதியப்படுகின்றது. ஸ்ரீதரன்களும் ஸ்ரீகாந்தன்களும் நிறைந்த யாழ்ப்பாணத்தில் இது சிறிய விடயம் அன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தயாரித்த பட்டியல்களோ தமிழாகத் தோன்றினும் உள்ளே உரோம எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டவை. அவற்றைப் புதிய பதிவேட்டில் தேடினால் ஒரு பெயரும் அகப்படாது.

பெயரை விடுத்து அடையாள அட்டை இலக்கத்தை நம்பலாம் அல்லவா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அது சிறந்த வழியே. எனினும் 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் இலக்கம் 12 தானங்களைக் கொண்டது. பழைய அட்டையில் இருப்பவை 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும். பழைய இலக்கத்தின் முன்னால் 19 உம், பிறந்த நாளைக் குறிக்கும் இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு பூச்சியமும் சேர்ந்து, இறுதி எழுத்து நீங்கினால் அதுவே புதிய வடிவம். இந்த மாற்றத்தைச் செய்யாமல் இரு பட்டியல்களை ஒப்பிடும் அலுவலகத்தில் ஒரே மனிதர் இருவராகத் தோன்றுவார். அன்றேல் இரண்டிலும் இருந்தும் இல்லாதவர் ஆவார். இந்தியாவின் அசாம் மாநிலத்தில் 2019 ஓகஸ்ட் 31 இல் வெளியிடப்பட்ட குடிமக்கள் பதிவேட்டில் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் விடுபட்டன. முஸ்லிம்களும் இந்துக்களும் அவர்களுள் அடங்குவர். ஆவணத்துக்கு ஆவணம் மாறிய பெயர் எழுத்தும் அங்கு பலரது விண்ணப்பங்கள் தடைப்படக் காரணமாயிற்று.

நான்காவது சோதனை வெற்றிடம் பற்றியது. அனுபவம் வாய்ந்த கணினிப் பணியாளர்களும் இங்கு இடறுவதுண்டு. ஓர் உதாரணத்தைக் கொள்வோம். ஆயிரம் குடும்பங்களைக் கொண்ட பட்டியலில் 'மீள்குடியேறியதா' என்ற கட்டத்தில் 600 குடும்பங்களுக்கு 'ஆம்' என்றும் 250 குடும்பங்களுக்கு 'இல்லை' என்றும் எழுதப்பட்டுள்ளது. எஞ்சிய 150 கட்டங்கள் வெறுமையாக உள்ளன. 'ஆம்' என்பதற்குச் சமமானவை எத்தனை என்று கேட்டால் 600 வரும். 'ஆம்' அல்லாதவை எத்தனை என்று கேட்டால் 400 வரும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் பொதுப் பயன்பாட்டில் உள்ள வினவல் மொழி 250 என்றே விடை தரும். வெற்றிடம் என்பது அதற்கு ஆமும் அன்று, இல்லையும் அன்று, அறியப்படாதது. 150 குடும்பங்கள் இரண்டு விடைகளிலும் இடம்பெறாது மறைந்துவிடுகின்றன. பிழைச் செய்தி எதுவும் திரையில் தோன்றுவதில்லை.

இரண்டு பட்டியல்களை இணைக்கும்போதும் இவ்வாறே நேர்கின்றது. குடும்பப் பட்டியலை உதவிப் பட்டியலுடன் இணைத்து எண்ணினால், மூன்று உதவிகள் பெற்ற குடும்பம் மூன்று முறை எண்ணப்படும். ஓர் உதவியும் பெறாத குடும்பம் ஒரு முறையும் எண்ணப்படாது போகலாம். உதவி தேவைப்படுவோரைக் கண்டறியத் தொடங்கிய கணக்கு அவர்களையே வெளியேற்றிவிடும் விபரீதம் இதுவாகும்.

வடக்கு முஸ்லிம்களின் கதை இச்சோதனைகள் அனைத்தையும் ஒருங்கே கொண்டது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களில் இருந்தும் முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணம் சோனகத் தெருவையும் அதனை அண்டிய பகுதிகளையும் சேர்ந்தோர் இரண்டு மணி நேர அவகாசத்தில் தம் வீடுகளையும் உடைமைகளையும் விட்டுச் சென்றனர். ஐந்து மாவட்டங்களிலும் இருந்து வெளியேற்றப்பட்டோர் 70,000 க்கும் மேற்பட்டோர் என்றே பொதுவாகக் கூறப்படுகின்றது. அவர்களுள் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் அடைந்தனர். போர் முடிந்த பின்னர் இடம்பெயர்ந்தோரைக் கணக்கிட்ட நிறுவனங்கள், 2008 ஏப்ரலுக்குப் பின்னர் இடம்பெயர்ந்தோரைப் 'புதியோர்' என்றும் அதற்கு முன்னர் இடம்பெயர்ந்தோரைப் 'பழையோர்' என்றும் வகைப்படுத்தின. வினவலில் அந்தத் திகதியை ஒரு நிபந்தனையாக எழுதிவிட்டால் போதும். 1990 இல் வெளியேற்றப்பட்ட சமூகம் முழுவதும் விடையில் இருந்து அகன்றுவிடும். இங்கு எவரும் எதனையும் அழிக்க வேண்டியதில்லை.

குடும்பம் என்ற அலகும் இங்கு கேள்விக்குள்ளாகின்றது. 1990 இல் ஒரு குடும்பமாக வெளியேறியோர் இன்று மூன்று, நான்கு குடும்பங்களாகப் பெருகியுள்ளனர். காணி உறுதி ஒன்று. அதன்மேல் உரிமை கோரும் குடும்பங்கள் பல. யாழ்ப்பாணத்தில் மீள்குடியேறுவதற்குப் பதிவு செய்துவிட்டு, வீடும் பாடசாலையும் தொழிலும் இன்மையால் புத்தளத்துக்கே திரும்பியோரும் உளர். அவர்கள் ஒரு பட்டியலில் மீள்குடியேறியோர், மற்றொன்றில் இடம்பெயர்ந்தோர். ஈரிடத்திலும் எண்ணப்படுகின்றனர் என்று ஒரு சாராரும், ஈரிடத்திலும் உரிமை இல்லை என்று அம்மக்களும் கூறுவதில் வியப்பில்லை. இரு கூற்றுகளும் அதே பதிவேட்டுக் குறையில் இருந்தே பிறக்கின்றன. வாழ்வை இரு ஊர்களில் பகிர்ந்துகொள்ள நிர்ப்பந்திக்கப்பட்ட மனிதரை ஒரே கட்டத்தில் அடைக்க முனைந்ததே அக்குறை. தமிழ், முஸ்லிம் மக்களிடையே வீண் ஐயங்கள் வளர இத்தகைய எண்களே பல வேளைகளில் தூபமிடுகின்றன என்பதை இரு சமூகத்தவரும் மனங்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது சோதனை, பதிவேடு முழுமையாகவும் நிலையாகவும் இருந்ததா என்பது. எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பதிவுகளை மாற்றிக்கொண்டிருந்தால், ஒரு கிராம அலுவலர் பிரிவில் இருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படும் குடும்பம் இரண்டிலும் அகப்படலாம்; இரண்டிலும் தப்பலாம். தலைமையகத்துப் பிரதியும் கிளை அலுவலகத்துப் பிரதியும் ஒரே நாளில் புதுப்பிக்கப்படாவிட்டாலும் இதுவே நிலை. வரிசை முறையைக் குறிப்பிடாமல் முதல் ஐம்பது பெயர்களைக் கேட்டால் கணினி தனக்கு வசதியான ஐம்பதைத் தரும். மறுநாள் வேறு ஐம்பதையும் தரலாம். வீட்டுத்திட்டப் பட்டியல் ஓர் இரவில் மாறிவிட்டது என்றால் இலஞ்சம் ஒரு காரணமாக இருக்கலாம். வரிசை குறிப்பிடாத வினவலும் ஒரு காரணமாக இருக்கலாம். எது என்பதை அறிய வினவலைப் பார்க்க வேண்டும். வளர்ந்த நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2020 ஒக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனாத் தொற்றாளர்களின் விபரம் நாளாந்தக் கணக்கில் விடுபட்டிருந்தமை தெரியவந்தது. பழைய வடிவக் கோப்பு ஒன்றில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லாமையே காரணம்.

இச்சோதனைகள் யாவும் எமது வரலாற்றின் மிகக் கொடிய முரண்பாடு ஒன்றை அணுகவும் உதவுகின்றன. காலஞ்சென்ற மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் தொடர்பான ஆணைக்குழுவின் முன் இரண்டு எண்களை வைத்தார். 2008 ஒக்டோபர் முற்பகுதியில் வன்னியில் இருந்தோர் கச்சேரிப் பதிவுகளின்படி 4 இலட்சத்து 29 ஆயிரத்து 59 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் ஐக்கிய நாடுகள் அமைப்பின் தரவுகளின்படி 2 இலட்சத்து 82 ஆயிரத்து 380 பேர். எஞ்சிய 1 இலட்சத்து 46 ஆயிரத்து 679 பேருக்கு என்ன நேர்ந்தது என்பதே அவரது கேள்வி.

அந்த எண்ணை இறந்தோர் தொகை என்று எழுதுவோரும் உளர். கச்சேரிக் கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்று தள்ளுவோரும் உளர். ஆயர் இரண்டையும் சொல்லவில்லை. இரு பதிவேடுகளுக்கு இடையில் விளக்கப்படாத வேறுபாடு உள்ளது, விளக்குங்கள் என்றே கேட்டார். பதிவேட்டை ஆராய்பவர் கேட்க வேண்டிய சரியான கேள்வி அதுவேயாகும். அதற்கான விடை பெயர் பெயராக இரு பட்டியல்களையும் ஒப்பிடுவதில் இருந்தே வர முடியும். மிகைப்படுத்தல் என்ற வாதத்தை முன்வைப்போர் ஒன்றை மறக்கலாகாது. 2009 பெப்ரவரியில் போர்ப்பகுதியில் எஞ்சியோர் 70,000 வரையிலேயே என அரச தரப்பு கூறிவந்தது. போர் முடிந்தபோது முகாம்களை வந்தடைந்தோர் 280,000 ஐத் தாண்டினர். குறைத்துக் கூறப்பட்ட அந்த மதிப்பீட்டினால் உணவும் மருந்தும் போதாமற் போயின என்பதை ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011 ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. அன்று பிழையான எண்ணுக்கு விலை கொடுத்தோர் மக்களே.

இனி, எண்கள் முரண்படும்போது செய்யத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறுவோம். முதலில் இரண்டு எண்களுக்கும் உரிய கேள்விகளைச் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்து ஒப்பிடுதல் வேண்டும். எந்த எல்லை, எந்தத் திகதி, ஆளா குடும்பமா, வசிப்பவரா பதிந்தவரா என்பன அதில் தெளிவாதல் வேண்டும். அடுத்து, மொத்தத்தைப் பகுதிகளுடன் கூட்டிப் பார்த்தல் வேண்டும். பகுதிகளின் கூட்டல் மொத்தத்துக்குக் குறைந்தால் வெற்றிடங்களையும், கூடினால் இரட்டிப்புகளையும் தேட வேண்டும். பின்னர் ஒரு பட்டியலில் இருந்து மற்றொன்றில் இல்லாத பெயர்களை மட்டும் தனியே எடுத்து, அவற்றுள் இருபது பெயர்களையேனும் கையால் சரிபார்த்தல் வேண்டும். ஆயிரம் வரிசைகளை வெறித்துப் பார்ப்பதைவிட இருபது பெயர்களின் கதையை அறிவது காரணத்தை விரைவில் காட்டும். கிராம அலுவலரும் பள்ளிவாசல் நிருவாகமும் கோயில் பரிபாலன சபையும் இப்பணியில் கணினியைவிடச் சிறந்த சாட்சிகள். இவை யாவும் முடியும்வரை, தனக்குச் சாதகமான எண்ணை எவரும் உண்மை என்று பறைசாற்றாதிருத்தல் நலம்.

அரச நிறுவனங்களிடம் நாம் எதிர்பார்ப்பது பெரிதொன்றும் அன்று. வெளியிடும் ஒவ்வோர் எண்ணின் கீழும் அது எந்நாளுக்கு உரியது, எவரை உள்ளடக்கியது, எத்தனை பதிவுகள் வெற்றிடமாக இருந்தன என்ற மூன்று வரிகளைச் சேர்த்தாலே அரைவாசி முரண்பாடுகள் தீர்ந்துவிடும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவற்றைக் கேட்டுப் பெறும் உரிமையை ஒவ்வொரு பிரசைக்கும் வழங்கியுள்ளது. தொகையை மட்டும் கேட்டுத் திரும்பாமல், அத்தொகை எவ்வாறு பெறப்பட்டது என்பதையும் எமது மக்கள் எழுத்தில் கேட்கப் பழகுதல் வேண்டும். ஒரு பட்டியலில் விடுபடும் பெயருக்குப் பின்னால் ஒரு வாக்கும், ஒரு காணியும், சில வேளைகளில் ஓர் உயிரும் உண்டு. அப்பெயருக்குரியவர் தமிழரா முஸ்லிமா என்று வெற்றிடம் பார்ப்பதில்லை. அதனை நிரப்பும் பொறுப்பும் இரு சமூகத்துக்கும் பொதுவானதே.